பெட்டி திறக்கிற நாள்

பிரபஞ்சம் தட்டையா வளைந்ததா என்று அளப்பது எங்கள் தொழில். சம்பளம் கொடுப்பவர்களைத் தவிர மற்ற எல்லோரும் அதைப் பற்றி அக்கறையாக விசாரிப்பார்கள்.

"என்ன வேலை பாக்குறீக?" என்று கேட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கே ஆரம்பிப்பது என்று முழிக்க வேண்டிய தொழிலில் நீங்களும் மாட்டியிருந்தால், இது உங்களுக்காகத்தான். டாக்டர், டெய்லர், டிரைவர் எல்லாம் ஒரே வார்த்தையில் தப்பித்துவிடுகிறார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி, அதில் இயற்பியல் துறை, அதில் நான், ரஹ்மத் நிஷா. பக்கத்து நாற்காலியில் சரவணன் சார். காலையில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவோம், மத்தியானத்துக்கு மேல் பிரபஞ்சம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். சரவணன் சாருடைய கோபத்தை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதையும் சொல்கிறேன்.

கல்யாணப் பந்தியில்

போன தை மாதம் கண்டனூரில் எங்கள் மாணவி ஒருத்திக்குக் கல்யாணம். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீட்டைத் திறந்து, வௌவால் வாடை போகச் சாம்பிராணி போட்டிருந்தார்கள். பந்தியில் என் பக்கத்தில் பெண்ணின் தாத்தா, எல்லோருக்கும் அப்பச்சி. பேத்திக்கு டீச்சர் என்று தெரிந்ததும் விசாரணை ஆரம்பமாகிவிட்டது. நானும் சொன்னேன். பிரபஞ்சம் குழந்தையாக இருந்தபோது உலை மாதிரி கொதித்தது. அந்தக் கொதிப்பின் வெளிச்சம் ஆயிரத்து முந்நூறு கோடி வருஷத்துக்கு மேலாகப் பயணம் செய்து, இப்போதும் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. செயற்கைக்கோள் அதைப் பிடித்து முழு வானத்துக்கும் ஒரு வரைபடம் போட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதில் கொஞ்சம் சூடான இடம், கொஞ்சம் குளிர்ந்த இடம் என்று திட்டுத் திட்டாக இருக்கும்.

"ஒரு திட்டு நெசத்துல எம்புட்டுப் பெருசுன்னு கணக்குப் போட்டுச் சொல்லிரலாம் அப்பச்சி. நம்ம கண்ணுக்கு எம்புட்டாத் தெரியுதுங்குறதுதான் விசயம்" என்று கையை நீட்டிச் சுண்டு விரலை நிமிர்த்திக் காட்டினேன். இந்த விரல் அகலத்துக்குத் தெரிந்தால் வெளிச்சம் வளையாமல் வந்திருக்கிறது, வெளி தட்டை. விரலைவிடப் பெரிதாகத் தெரிந்தால் வெளி பந்து மாதிரி வளைந்திருக்கிறது. சின்னதாகத் தெரிந்தால் குதிரைச் சேணம் மாதிரி. அப்பச்சியும் தன் சுண்டு விரலை நீட்டி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எனக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த சரவணன் சார் தன் பால் பணியாரத்தை எடுத்து என் இலையில் வைத்தார். வயிறு சரியில்லையாம். அப்பச்சி விரலை மடக்கிக்கொண்டு கேட்டார்: "எல்லாஞ் சரி ஆயி, தட்டைன்னு தெரிஞ்சா அடுத்து என்ன செய்வீக? வீடா கட்டப் போறீக?"

கண்ணைக் கட்டிக்கொண்டு

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாட்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். விடையை எங்களிடமிருந்தே ஒளித்துவைத்துக்கொண்டுதான் வேலை செய்வோம். காரணம் இருக்கிறது. பிரபஞ்சம் தட்டை என்று பெரிய பெரிய குழுக்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டன. நாங்களும் அளக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தப்பான விடை வந்தால் ராப்பகலாகத் தப்பைத் தேடுவோம். தட்டை என்று வந்துவிட்டால் தேடுவதை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். மனுஷ புத்தி அப்படி. வேண்டிய பதில் கிடைத்ததும் கை கழுவிவிடும்.

அதனால் ஒரு ஏற்பாடு. வானத்து வரைபடத்தைத் துண்டு துண்டாக வெட்டி எனக்குக் கொடுப்பது சரவணன் சார் வேலை. கொடுக்கும் முன் எல்லாத் துண்டையும் ஒரு ரகசிய அளவுக்கு இழுத்தோ சுருக்கியோ விடுவார். எவ்வளவு என்பது அவருக்கு மட்டும் தெரியும். நான் அளந்து, சோதனை எல்லாம் முடித்து, "இனி ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன்" என்று சொன்ன பிறகு அந்த எண்ணைச் சொல்வார். அதற்குப் பெட்டி திறப்பது என்று பெயர். அதுவரை எண்ணை வைத்திருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது, ஜாடையாகக்கூட எதுவும் காட்டக் கூடாது. இதை எங்கள் துறைத் தலைவரிடம் விளக்கியபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நமக்குக் கெடைக்கிற ரிசல்ட்டே கொஞ்சம். அதையும் நீங்களே ஒளிச்சு வச்சுக்கிட்டா நான் மேலிடத்துக்கு என்னத்தக் காட்டுறது?"

குண்டுத் திட்டுகள்

மாசியில் முதல் அளவு வந்தது. திட்டுகள் சுண்டு விரலைவிடக் குண்டாக இருந்தன. அப்படியே நம்பினால் பிரபஞ்சம் நல்ல உருண்டை. நான் பதறவில்லை. சார் இழுத்துவிட்டிருக்கிறார், அவ்வளவுதான், பெட்டி திறந்தால் தட்டையாகிவிடும் என்று எடுத்துக்கொண்டேன். இருந்தாலும் ஆசை விடுமா? படத்தைத் திரையில் போட்டுவிட்டு ஓரக்கண்ணால் அவர் முகத்தைப் பார்த்தேன்.

கருங்கல் தூண்தான். கண் மட்டும் ஒரு நொடி அதிகமாகத் திரையில் நின்ற மாதிரி எனக்குப் பட்டது. மறுபடியும் படத்தைக் காட்டினேன், வேண்டுமென்றே "நல்லாப் பெருசா வருதுல்ல சார்?" என்று இழுத்தேன். அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொஞ்சம் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "மேடம், என் மூஞ்சியில ஆதாரம் தேடாதீக. வானத்துல தேடுங்க."

குடல் புண்

வயிற்று வலிக்கு உள்ளூர் டாக்டர் ஒருவர் குடல் புண் என்று சொல்லியிருந்தார். எங்கள் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. மோர் குடிக்கச் சொன்னோம், காரத்தைக் குறைக்கச் சொன்னோம், மணத்தக்காளி கொண்டுவந்து கொடுத்தோம். வேண்டிய பதில் கிடைத்துவிட்டது, தேடுவதை நிறுத்திவிட்டோம். பிரபஞ்சத்துக்குக் கண்ணைக் கட்டிக்கொள்ளத் தெரிந்த எங்களுக்கு இது தோன்றவில்லை பாருங்கள், அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

சார் இளைத்தார். தச்சு வேலைக் குடும்பத்துப் பிள்ளை. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டு வந்தார், அந்த ஓட்டைகூட அத்தனை நேர்த்தி. பிறகு கண் மஞ்சளாயிற்று. மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்து, சதைத் துணுக்கு ஒன்றைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும். அவர் மனைவி தமிழரசி ஆரம்பப் பள்ளியில் டீச்சர், தனியாகப் போய் வாங்கப் பயந்தாள். துணைக்கு நான் வருகிறேன் என்றேன். சார் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று அப்போது நினைத்தேன். "நல்லதாப் போச்சு மேடம். உங்க நம்பர் என்கிட்ட இருக்கு, என் ரிசல்ட்ட நீங்க வச்சுக்குங்க. பெட்டி திறக்குற அன்னைக்கு ரெண்டு பேரும் மாத்திக்குவோம். அதுவரைக்கும் நானும் கேக்க மாட்டேன், நீங்களும் சொல்லாதீக."

மேலூர் தாண்டியதும்

கணையத்தில் புற்று. கல்லீரலுக்கும் போய்விட்டது. டாக்டர் நல்ல மனுஷர், எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் சொன்னார். ஊசி போட்டுப் பார்க்கலாம், அதிகம் எதிர்பார்க்காதீர்கள் என்றார். எவ்வளவு நாள் என்று தமிழரசி கேட்டதற்கு, வருஷக் கணக்கில் பேச முடியாதும்மா என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மேலூர் வரைக்கும் அவள் அழவில்லை, டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தாள். மேலூர் தாண்டியதும் என் கையைப் பிடித்தாள். எங்கள் பக்கம் இது புதிதில்லை. நோயாளியைத் தவிர ஊருக்கே தெரியும், நோயாளிக்கு மட்டும் 'ஈரல் வீக்கம்'. நான் சொல்லிப் பார்த்தேன், படித்த மனுஷன், அவருக்குச் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று. அவள் கேட்கவில்லை. என் கையைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "தெரிஞ்ச அந்த நிமிசமே பாதி உசுரு போயிரும்க்கா அவருக்கு. உங்க அல்லா மேல ஆணையாச் சொல்லுங்க, உங்க வாயால சொல்ல மாட்டேன்னு."

சொன்னேன்.

தெம்பு

சாருக்கு ஒரு தம்பி, குமார். சிங்கப்பூரில் வெல்டர். அப்பாவின் மரப்பட்டறையை விற்பதா வேண்டாமா என்று அண்ணன் தம்பிக்குள் வந்த சண்டையில் இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. தப்பு பாதி அவருடையதுதான் என்று அவரே என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். பங்குனியில் கொத்தமங்கலத்தில் அவர் வீட்டுக்குப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மதுரையில் ஊசி போட்டுவிட்டு அனுப்பியிருந்தார்கள். எதற்கு ஊசி என்று அவர் டாக்டரிடம் கேட்கவில்லை, மருந்துச் சீட்டில் இருந்த பெயரை போனில் தேடவும் இல்லை. நான் மறைவாகக் கவனித்துப் பார்த்தேன். பெட்டி திறக்கும் வரை கேட்பதில்லை என்றால் அவருக்குக் கேட்பதில்லைதான்.

தம்பிக்கு ஒரு போன் போடலாமே என்று பேச்சுவாக்கில் எடுத்துவிட்டேன். அவனும் கூடப் பிறந்தவன்தானே, உடம்புக்கு முடியாத நேரத்தில் பேசினால் மனசுக்கு ஆறுதல் என்று என்னென்னவோ உளறினேன். இதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் சத்தியம் முறியும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். சமையலறையிலிருந்து தமிழரசி என்னை முறைத்தாள். சாருக்கு எதுவும் உறைத்த மாதிரி தெரியவில்லை. "பேசணும் மேடம், பேசாம எங்க போயிறப் போறேன்? ஒடம்பு கொஞ்சம் தேறட்டும். அவன்கூடச் சண்ட போடுறதுக்கே தனியாத் தெம்பு வேணும்."

பெரியப்பாவின் சந்தேகம்

அன்றைக்கே அவருடைய பெரியப்பாவும் வந்திருந்தார், நெற்குப்பையிலிருந்து. வாசல் வரைக்கும் என்னைக் கொண்டுவந்து விட்டவர், செருப்பைப் போட விடாமல் குறுக்கே நின்றுகொண்டார். சரவணன் என்ன ஆராய்ச்சி செய்கிறான் என்று கேட்டார். பின்னணிக் கதிர்வீச்சு என்று வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். அவருக்கு நோயின் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

அது வெறும் பழைய வெளிச்சம், பனியைவிடக் குளிர்ந்தது, இந்தா இப்போதுகூட உங்கள் மேலும் என் மேலும் விழுந்துகொண்டிருக்கிறது, ஒரு கொசுவுக்குக்கூடக் கெடுதல் செய்யாது, நாங்கள் பார்ப்பது கம்ப்யூட்டரில் அதன் படத்தை மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். வகுப்பில் இப்படி விளக்கியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். வேண்டிய பதில் கிடைத்த மனுஷன், தேடுவதை நிறுத்திவிட்டார். "நீங்களும் அதே கதிர்வீச்சுலதான் கெடக்கீக. உங்களுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் வரல?"

எதுக்கும் ஒரு பேச்சுக்கு

பங்குனிக் கடைசியில் என் சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன. 'பொய் வானம்' என்று ஒன்று செய்வோம். தட்டை என்று நாங்களே முடிவுகட்டி, கம்ப்யூட்டரில் ஒரு வானத்தை உண்டாக்கி, அதை அளந்து பார்ப்பது. தட்டை என்றே வந்தால் கருவி சரி. வந்தது. இனிப் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். திறந்தால் அவருடைய பெட்டியையும் நான் திறக்க வேண்டும். நான் இன்னொரு சோதனை போட்டேன். பிறகு அதற்கு ஒரு சோதனை. சித்திரை முழுக்க இப்படி ஓட்டினேன். கேட்டவர்களிடம் எல்லாம் 'ஆராய்ச்சியில் அவசரம் கூடாது' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

துறைத் தலைவர் ஒரு நாள் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். ஃபேனைக் குறைத்தார். சரவணன் விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது, ஊரில் தெரியாதவர் சரவணன் சார் ஒருவர்தானே. வருத்தப்பட்டார், உண்மையாகத்தான் வருத்தப்பட்டார், கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு சொன்னார்: "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. எதுக்கும் அந்த நம்பர மட்டும் இப்பவே அவருகிட்ட வாங்கி வச்சுருங்க மேடம்."

எழுந்து வந்துவிட்டேன். கதவை அறைந்து சாத்தினேன் என்று பிறகு ஆபீஸில் சொன்னார்கள்.

வானத்தை நசுக்கியது

பொழுதை ஓட்டுவதற்காகப் போட்ட சோதனைகளில் ஒன்று, துண்டின் நடுவில் உள்ள திட்டுகளையும் ஓரத்தில் உள்ள திட்டுகளையும் தனித்தனியாக அளப்பது. இரண்டும் ஒரே அளவு வரும் என்று எனக்கு நூற்றுக்கு நூறு தெரியும். நேரம்தான் ஆகும், அதற்காகத்தானே போட்டேன். வந்த விடை வேறு. ஓரத்தில் எல்லாம் குண்டு. நடுவில் எல்லாம் ஒல்லி.

வானம் உருண்டை, என் தாள் தட்டை. கவிழ்த்துவைத்த இளநீர் மட்டையைக் காலால் மிதித்தால் ஓரம் எல்லாம் பிதுங்குகிற மாதிரி, வானத்துத் துண்டைத் தாளில் விரிக்கும்போது ஓரத்தை நான் இழுத்துவிட்டிருக்கிறேன். சின்னத் துண்டுக்கு அது தெரியாது. எங்கள் துண்டு பெரிது. பொய் வானத்தில் ஏன் பிடிபடவில்லை? பொய் வானத்தை நாங்கள் உருண்டையில் செய்யவே இல்லை, நேரே தாளிலேயே செய்திருந்தோம். அங்கே நசுக்குவதற்கு ஒன்றும் இல்லை. தப்பும் சோதனையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒன்றை ஒன்று காட்டிக்கொடுக்குமா? திருத்திவிட்டு மறுபடி அளந்தேன். இப்போது திட்டுகள் சுண்டு விரலைவிடச் சின்னதாக வந்தன. துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். பழைய கோபத்தை அவர் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. "அப்ப இத்தன நாளா வளைஞ்சிருந்தது பிரபஞ்சம் இல்ல, நம்ம பேப்பரு."

மாற்றிக்கொண்டது

வைகாசியில் ஒரு மத்தியானம். தமிழரசி கூடத்துக் கட்டிலில் தலையணை அடுக்கி அவரைச் சாய்த்து உட்காரவைத்தாள். நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "இனி ஒரு எழுத்தும் மாத்த மாட்டேன் சார்" என்றேன். அவர் அந்த எண்ணைச் சொன்னார். அவர் இழுக்கவே இல்லை, சுருக்கியிருந்தார். நான் அதைப் போட்டு விரித்தேன். தட்டை. பிசகு வரம்புக்குள் அச்சு அசலாகத் தட்டை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா, கண்டுபுடிச்சிட்டீக" என்றார். எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. சுருக்கிக் கொடுத்தும் மாசியில் திட்டு குண்டாக வந்தது என்றால், எங்கேயோ தப்பு என்று அவருக்கு அன்றைக்கே தெரியும்.

"ஏன் சார் சொல்லல?"

"சொல்லக் கூடாதுல்ல. தெரிஞ்சுக்கிட்டே உங்க முன்னாடி அதே மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் மேடம். பங்குனியில இருந்து நீங்க வச்சிருக்கதும் அதே மூஞ்சிதான்." கையை நீட்டினார். "சரி, இப்ப உங்க பெட்டி."

தமிழரசி கையில் மோர் டம்ளரோடு நின்றுவிட்டாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். "என்னால சொல்ல முடியாது சார். அல்லா மேல ஆணை" என்றேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நல்ல சேதின்னா யாரு மேடம் சத்தியம் வாங்குவாக?" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தமிழரசி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பஸ்ஸில் அடக்கிவைத்ததெல்லாம் அன்றைக்குத்தான் வந்தது.

அவர் அவளைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பினார். "பெட்டி திறக்குற அன்னைக்குச் சொன்னாப் போதும்னு நான்தான் சொன்னேன், சரி. சோதன எல்லாம் பங்குனியிலயே முடிஞ்சிருச்சு. வைகாசி வரைக்கும் எதுக்கு இழுத்தீக?"

"தப்பு இருந்துச்சுல்ல சார்."

"தப்பு இருந்தது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதுல்ல? அப்பறம் எதுக்கு இழுத்தீக?"

அந்த மனுஷன் நோயிலும் கணக்கில் ஓட்டை விடவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் சொன்னேனே, ஒரே தடவை என்று, அது இதுதான். போனை எடுத்துத் தா என்று தமிழரசியிடம் கை காட்டிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பிரபஞ்சம் எங்கயும் போயிறாது மேடம். நான்ல போறேன்."

குமார்

அண்ணன் போன் போட்ட அன்றைக்கே குமார் லீவு கேட்டானாம். கம்பெனி கொடுக்கத் தாமதமாயிற்று, பிறகு டிக்கெட் கிடைக்கவில்லை. இடையில் தினமும் போனில் பேசிக்கொண்டார்கள். கடைசி இரண்டு நாள் சாருக்குப் பேச்சு இல்லை, வலி மருந்தில் தூங்கிக்கொண்டே இருந்தார். குமார் திருச்சியில் இறங்கிக் காரில் வந்து சேரும்போது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். எல்லாம் ஆனி முதல் வாரத்தில்.

காரியம் முடிந்து, அண்ணனின் சாமான்களை எடுத்துப்போகக் கல்லூரிக்கு வந்தான். சாமான் என்று என்ன இருக்கிறது, ஒரு டீ கிளாஸ், நாற்காலிக்கு அவர் தானே இழைத்துப் போட்ட மரக் கைப்பிடி, ஒரு குடை. கைப்பிடியைக் கழற்ற மனசு வராமல் தடவிக்கொண்டே நின்றான். "அண்ணே இங்க என்னதான் பாத்துச்சு மேடம்?" என்று கேட்டான். இந்தக் கேள்விக்கு வாழ்நாளில் முதல்முறையாக நான் தொண்டையைச் செருமவில்லை. ஜன்னல் பக்கம் கூட்டிப்போய், கையை நீட்டிச் சுண்டு விரலை நிமிர்த்தச் சொன்னேன். வெல்டிங் பொறி பட்டுத் தழும்பு விழுந்த விரல். அதன் அகலத்துக்கு வானம் முழுக்கத் திட்டு இருக்கிறது, அதை அளந்து இந்த வெளி எல்லாம் தட்டை என்று உன் அண்ணன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்றேன். பட்டப்பகல் வானத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே நின்றான். கையை இறக்கவில்லை. "ரெண்டு வருசம் பேசாம இருந்தோம். பேசுன நாலு நாளும் அழுகையிலயே போச்சு. இதச் சொல்லவே இல்லையே அண்ணே."

ஆகவே தொண்டையைச் செருமுகிற என் இனத்து மக்களே, ஆயிரத்து முந்நூறு கோடி வருஷத்துக்கு மேல் நடந்து வந்த வெளிச்சம் நம் சோதனை முடிகிற வரைக்கும் வாசலில் பொறுமையாக நிற்கும். பக்கத்து நாற்காலிக்காரர் நிற்க மாட்டார்.